கயிறு பிடித்தவர்கள்

1544-ல் புனித சவேரியார், தன் உதவியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் குடியைப் பற்றி ஒரு கட்டளை இருக்கிறது. சாராயம் குடிக்கும் பெண்ணுக்கு ஒரு பணம் அபராதம், மூன்று நாள் காவல். இதை ஊரறியச் சொல்லிவிடும்படி எழுதுகிறார். ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிமாரையும் இந்த விஷயத்தில் அவர் கடுமையாக எச்சரித்தார். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்று அப்போது பத்து வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் கடற்கரையில் கிறிஸ்தவம் கால் வைத்த நாளிலிருந்தே குடியோடு அதற்கு மல்லுக்கட்டு இருந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த ஒரு பணம் அபராதம் நான் சிறுமியாக இருந்த காலம்வரை வேறு வேறு உருவங்களில் உயிரோடு இருந்தது. குடித்துவிட்டு ரகளை செய்தவனுக்கு ஊர்க்கமிட்டி தண்டம் போடும். திருவிழாவுக்கு உன்னிடம் வரி வாங்கமாட்டோம் என்று மிரட்டும். ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லாருக்கும் விளங்கும்படி ஒரு வார்த்தை விழும். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மா முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வாள். எங்கள் அப்பா இவை எல்லாவற்றையும் வாங்கியவர். ஐம்பத்து நாலு வயதுவரை குடித்தார். இப்போது எழுபதை நெருங்குகிறார், குடிப்பதில்லை. அதைவிடப் பெரிய விஷயமாக எனக்குப் படுவது, அவர் இன்று கடவுளை நம்புகிறவராக இருக்கிறார் என்பது. கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, அந்தோணியார் கெபிக்கும் மாதா கோயிலுக்கும் நடுவே வளர்ந்த மனிதருக்கு விசுவாசம் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல்தான் வந்தது. அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் மரபு அது.

தாத்தா முத்துக் குளித்தவர். முத்துக்குளிப்பு நடக்கும் பருவத்தைச் சலாபம் என்போம். தூத்துக்குடியில் 1961-ல் நடந்ததே கடைசிச் சலாபம். அதற்குப் பிறகு சலாபம் நடத்தும் அளவுக்குக் கடலடிப் பார்களில் சிப்பி விளையவில்லை. காலுக்குக் கல், சிப்பி அள்ள வலைப்பை, இடுப்பில் கயிறு. மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் மேலே இருப்பவர் தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மச்சினனாக இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். கூடப்பிறந்தவன் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டாலும் விடுவான், மச்சினன் தன் அக்காளைத் தாலியறுக்க விடமாட்டான் என்பது கணக்கு. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளுக்குச் சலாபத்தில் கூலி கொடுத்த காலமும் உண்டு. தாத்தா நம்பியது கயிற்றை மட்டும்தான்.

அப்பா காலத்தில் முத்து இல்லை, சங்கு இருந்தது. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் கையில் போடும் வெள்ளை வளையலுக்கு இங்கிருந்துதான் சங்கு போகும். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், வாயில் ஓஸ், முகத்தில் மாஸ்க். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிய தாத்தாவுக்கு ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது. அப்பாவால் மணிக்கணக்கில் அடியில் நடமாட முடிந்தது. கல் போய் ஓஸ் வந்தாலும் கயிறு போகவில்லை. அதை மேலே பிடித்திருந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

கம்ப்ரசர் கொடுத்த அந்த நேரத்துக்கு ஒரு விலை இருந்தது. ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கிற காற்றில் உள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கும். நின்று நிதானித்து ஏறினால் மெல்ல வெளியேறிவிடும். சடாரென்று ஏறினால் குமிழ் குமிழாகி மூட்டிலும் முதுகுத்தண்டிலும் போய் உட்காரும். சங்கு குளிக்கப் போன பையன்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கரைக்கு வந்ததும் தோளிலும் முழங்காலிலும் குத்து எடுக்கும். 1981-ல் மதுவிலக்கு நீங்கிச் சாராயக்கடைகள் திறந்தபோது அப்பாவுக்கு இருபத்தைந்து வயது. குளிருக்கு ஒரு கிளாஸ், குத்துக்கு ஒரு கிளாஸ் என்று தொடங்கியது. குடி உடம்பில் தண்ணீரை வற்றவைக்கும், அதனால் மறுநாள் இறங்கும்போது குமிழ் கட்டும் ஆபத்து இன்னும் கூடும். வலிக்கு மருந்து என்று நினைத்தது வலியை வளர்த்தது.

முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போனார். 1999-ல் கன்டெய்னர் முனையம் வந்தபின் மூட்டை வேலை வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. 2003 நவம்பர் முதல் அரசாங்கமே சில்லறை மதுக்கடை நடத்த ஆரம்பித்தபோது அப்பாவிடம் வேலையில்லாத பகல்கள் நிறைய இருந்தன. காரணங்களை இப்படி வரிசையாகச் சொல்லிவிடலாம். சொன்னதால் ஒரு நாள் குடிகூட நின்றதில்லை. காரணம் தெரிந்த வீட்டிலும் அரிசிப் பானைக்குள்தான் அம்மா சுருக்குப்பையை ஒளித்துவைத்தாள்.

அந்தக் காலத்தில் அப்பா கோயில் பக்கமே போகாதவர் என்று நினைக்க வேண்டாம். வருஷா வருஷம் ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேற்றத்தன்று குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருவார். 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்லப்படும் அந்தத் திருவுருவத்தின் முன்னால் நின்று, என் தலையிலோ தங்கச்சி தலையிலோ கைவைத்துச் சத்தியம் செய்வார். ஆகஸ்ட் 5 திருவிழா முடியும்வரை தொடமாட்டார். ஆறாம் தேதி சாயங்காலம் வழக்கம்போல் ஆகிவிடும். செவ்வாய்க்கிழமைகளில் அம்மா அவரை உவரி அந்தோணியாரிடம் கூட்டிப்போனாள். வீட்டில் நவநாள், செபமாலை, ஒருசந்தி எல்லாம் நடந்தது. எண்ணெய் மந்திரித்துக் கொடுத்தவரும் உண்டு.

இதில் எதையும் நான் குறைவாகப் பேசமாட்டேன். அம்மாவைக் கடலில் குதிக்காமல் பிடித்து நிறுத்தியது அந்தச் செபமாலைதான். ஆனால் சத்தியம் அப்பாவுக்குச் செய்த கேட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உடைந்த ஒவ்வொரு சத்தியமும் அவரைக் கோயிலிலிருந்து இன்னும் ஒரு தெரு தள்ளி நிறுத்தியது. கடைசி வருஷங்களில் பீச் ரோட்டில் வந்தால் மாதா கோயில் வருமுன்பே சந்துக்குள் திரும்பிவிடுவார். ஒருநாள் என்னிடம், “அந்த அம்மா முகத்த ஏறிட்டுப் பாக்க முடியல மக்கா” என்றார். பக்தி இல்லாதவர் பேசும் பேச்சா இது? கடவுளுக்குப் பயந்தே கடவுளை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

2010 தவக்காலத்தில், சாம்பல் புதன் அன்று யாரிடமும் சொல்லாமல் தானாகவே குடியை நிறுத்தினார். வீடே நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. பல வருஷம் தினமும் குடித்த உடம்பு, சாராயத்தை வைத்தே நரம்புகளைச் சமன்படுத்திப் பழகியிருக்கும். அதைத் திடீரென்று பிடுங்கினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரும் போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டிய விஷயம் இது. எங்கள் தெருவில் நல்ல மனசோடு குடியை விட்டு, விட்ட வாரத்திலேயே செத்துப்போனவர்கள் உண்டு. குடித்தே செத்தான் என்றுதான் ஊர் அவர்களைப் பற்றிச் சொல்கிறது.

மாமாதான் ஆட்டோ கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் கட்டிலோடு சேர்த்துக் கட்டித்தான் ஊசி போட முடிந்தது. அன்று இரவு நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா வாயை இறுக மூடி மூச்சை அடக்கினார். கண்கள் விரிந்து நின்றன. வலது கையில் படுக்கை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் இழுத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த மாமாவுக்குத்தான் விளங்கியது. அடியில் நிற்பவன் தன்னைத் தூக்கச் சொல்லும் இழுப்பு அது. மாமா வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்து இழுத்து, “தூக்கிட்டேன் மச்சான், மேல வந்துட்டீரு, மூச்சு விடும்” என்றார். அப்பா மூச்சு விட்டார். விடியும்வரை இதுவே நடந்தது.

வார்டில் நிதானம் வந்த பிறகு ஒருவர் பார்க்க வந்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர். எங்கள் சாதியில்லை, எங்கள் மதமும் இல்லை. நெற்றியில் திருநீறு. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “உம்மைக் குடிக்காதேரும்னு சொல்ல வரல அண்ணாச்சி. நான் குடிச்ச கதைய யார்ட்டயாவது சொல்லணும், சொல்லாட்டி இன்னைக்கு நான் குடிச்சிருவேன். கொஞ்சம் கேளும்” என்றார். அப்பாவுக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் குடியைப் பற்றிப் புத்தி சொல்லாமல் உதவி கேட்டார். மனைவியின் தாலியை அடகு வைத்தது, பாத்தி ஓரத்தில் விழுந்து கிடந்தது, மகளின் நிச்சயதார்த்தத்தை நாறடித்தது என்று எல்லாவற்றையும் அவர் வரிசையாகச் சொன்னார். தன் கதையை இன்னொருவன் வாயால் கேட்பதுபோல் இருந்தது என்று அப்பா பின்னாளில் சொன்னார்.

1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் நடந்ததும் இதேதான். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் என்ற பங்குவர்த்தகர், வியாபாரம் கெட்டு, அந்நிய ஊர் ஓட்டலில் மறுபடி குடிக்கும் நிலையில் நின்றார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தேடிப்பிடித்தவர் பாப் என்ற மருத்துவர். அந்த இருவர் சந்திப்பில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நம்மவர் சொல்லும் ஏ.ஏ. கூட்டம். பாப்போடு சேர்ந்து உழைத்தவர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி. குடிகாரர்களை ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1939-ல், இரைப்பை அழற்சி என்று எழுதி ஒருவரைச் சேர்த்து வழி திறந்தார். தேறிப் போகும் ஒவ்வொருவர் கையிலும் திரு இருதய ஆண்டவரின் சிறு சின்னம் ஒன்றைக் கொடுப்பார். சத்தியம் கேட்கமாட்டார். மறுபடி குடிக்கத் தோன்றினால், முதல் மிடறுக்கு முன்னால் இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்பார். அந்தச் சகோதரியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். என் தலையில் கைவைத்துச் செய்த சத்தியங்களுக்குப் பதிலாக அப்பாவிடம் யாராவது அப்படி ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

உப்பளத்துக்காரர் அப்பாவை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு பங்குக் கோயிலின் பின்பக்க அறை. ஏ.ஏ. எந்தச் சபையையும் சேர்ந்ததில்லை, கோயிலார் இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். திருநீறு பூசியவர், தொப்பி போட்டவர், சிலுவை தொங்கவிட்டவர் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவரவர் அறிந்த கடவுளிடம் அன்றைய ஒரு நாளுக்கு மட்டும் பலம் கேட்டார்கள். அப்பா அங்கே கடவுளைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. தனக்கும் கடவுளுக்கும் இருந்த கணக்கு தீர்ந்துபோயிற்று என்றுதான் அப்போது நினைத்தார்.

அம்மாவுக்கோ ஒன்றிலும் நம்பிக்கை வரவில்லை. சுருக்குப்பை அரிசிப் பானைக்குள்ளேயே இருந்தது. நற்செய்திக் கூட்டங்களில் சாட்சி சொல்பவர்கள் ஒரே இரவில் மனந்திரும்பியதாகச் சொல்வார்கள். அவர்களைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. குடிக்காத அப்பா முதல் வருஷம் முழுக்கச் சிடுசிடுத்தார். எதிலும் பிடிப்பில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். குடித்த அப்பாவோடு வாழத் தெரிந்த எங்களுக்குக் குடிக்காத அப்பாவோடு வாழத் தெரியவில்லை. ஒரு மனிதன் மாறும்போது வீடும் சேர்ந்து மாற வேண்டியிருக்கிறது, அதற்கு நாளாகிறது. வெளியே இதை யாரும் பேசுவதில்லை.

ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் தீங்கு செய்தவர்களின் பட்டியலை எழுதி, முடிந்தவரை நேரில் போய் ஈடுசெய்வது. அப்பாவின் பட்டியலில் அம்மாவுக்கு அடுத்த பெயர் கருவாட்டு ஆச்சி. எங்கள் தெருக்கோடியில் கருவாடு விற்றுப் பிழைத்த விதவை. அவள் சீட்டுப்பணத்தை ஒருநாள் அப்பா தகர டப்பாவோடு எடுத்துவிட்டார். யார் எடுத்தது என்று ஆச்சிக்குத் தெரியும், அவள் ஊரைக் கூட்டவில்லை. டப்ளின் துறைமுகத் தொழிலாளி மாத்யூ டால்பட்டின் வாழ்க்கையிலும் இப்படி ஒரு பக்கம் உண்டு. தெருவில் பிடில் வாசித்த ஒருவரின் பிடிலை நண்பர்களோடு சேர்ந்து திருடிக் குடித்தவர் அவர். 1884-ல் இருபத்தெட்டு வயதில் குடியை விட்டபோது முதலில் மூன்று மாதத்துக்குத்தான் வாக்குக் கொடுத்தார். பிறகு அந்தப் பிடில்காரரைத் தேடி அலைந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. 1975-ல் திருச்சபை டால்பட்டை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு அப்பாவுக்குக் கிடைத்தது. ஆச்சி உயிரோடு இருந்தாள்.

அப்பா பணத்தை எண்ணி நீட்டினார். ஆச்சி ஒவ்வொரு தாளாகத் தடவிப்பார்த்து மடியில் கட்டிக்கொண்டாள்.

“வட்டி?”

“மாசாமாசம் தாரேன் ஆச்சி.”

“வட்டி எனக்கு எதுக்குலே. கண்ணு தெரிய மாட்டேங்கு. வெள்ளனக் கோயில் பூசைக்குப் போவ ஆளில்ல. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ, போதும்.”

அப்படித்தான் அப்பா கோயிலுக்குத் திரும்பிப் போனார், ஒரு கடனைக் கட்டுவதற்காக. கை நடுக்கம் நிற்பதற்கு முதல் மிடறை விழுங்கும் நேரமாக இருந்த அந்த அதிகாலையில், ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். அவளை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, தான் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார். நற்கருணை நன்மை வாங்கமாட்டார்.

ஒருநாள் மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. நடக்கமாட்டாத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு சுமந்துவருகிறார்கள். கூட்டத்தால் இயேசுவிடம் நெருங்க முடியவில்லை. கூரையைப் பிரித்து, அவனைப் படுக்கையோடு உள்ளே இறக்குகிறார்கள். வாழ்நாளெல்லாம் கேட்ட கதைதான். அன்று வீட்டுக்கு வந்தவர், காப்பியைக்கூடத் தொடாமல் அம்மாவிடம் சொன்னார்: “கீழ இறங்குனவனுக்கு நம்பிக்கை இருந்துச்சான்னு அதுல சொல்லவேயில்ல. மேல இருந்து இறக்குனாம்லா நாலு பேரு, அவங்க நம்பிக்கையப் பாத்துதான் அவனக் குணமாக்குனாரு. கயிறு பிடிச்சவன் நம்பிக்கைதான் கணக்கு.” பரிசுத்த வேதத்தில் கயிறு என்று எழுதியிருக்கிறதா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. படுக்கையைக் கூரையிலிருந்து வேறெப்படி இறக்குவார்கள் என்பது சங்குகுளியாளுக்குத் தெரியாதா?

தன்னால் நம்ப முடியாமல் போன வருஷங்களிலெல்லாம் தனக்காக நம்பியவர்கள் யார் யார் என்று அப்பா அன்று எண்ணிப் பார்த்திருக்கிறார். மாமா, அம்மா, உப்பளத்துக்காரர், பணம் போயும் வாய் திறக்காத ஆச்சி. அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். ஏ.ஏ.யில் நாலாவது படியாகத் தன்னைத் தானே சோதித்து எழுதிய நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் முழந்தாளிட்டார். அந்தப் பன்னிரண்டு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையை 1940-ல் முதலில் கவனித்து, அதைக் கேட்கவே நியூயார்க்கில் பில்லைத் தேடி ஓர் இரவில் ஊன்றுகோலோடு வந்த பாதிரியார் எட்வர்டு டவுலிங் ஒரு சேசுசபைக் குரு. சவேரியாரின் சபை. எங்கள் ஊரில் ஒரு பணம் அபராதம் போட்ட அந்தச் சபையில் வந்த ஒருவர், ஏறக்குறைய நானூறு வருஷம் கழித்து, ஒரு குடிநோயாளியின் எதிரில் உட்கார்ந்து அவன் பேசுவதைக் கேட்டார். சவேரியாரைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. மொழி தெரியாத கரையில், வெறுங்காலோடு ஊர் ஊராக நடந்து, எங்கள் முன்னோரின் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். அவர் காலத்தில் குடி ஒரு குற்றமாக மட்டுமே கண்ணுக்குப் பட்டது. அது நோயும்கூட என்று தெரிந்த காலத்தில் நாம் இருக்கிறோம்.

2013-ல் பனிமய மாதா ஆலயத்தின் முந்நூறாவது ஆண்டுக்காகத் தங்கத்தேர் ஓடியபோது அப்பா வடம் பிடித்தார். அந்த வருஷம் கொடியேற்றத்துக்கு எந்தச் சத்தியமும் செய்யவில்லை. 2023-ல் மறுபடி தேர் ஓடியபோது முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஓரமாக நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஆச்சி இறந்து வருஷங்கள் ஆகின்றன. அவள் சவப்பெட்டியின் ஒரு முனையை அப்பாதான் சுமந்தார். இன்றைக்கும் வெள்ளனப் பூசைக்குப் போகிறார், இப்போது நன்மையும் வாங்குகிறார். கூட்டம் நடக்கும் நாளில் நாலு மணிக்கே போய் அறையைப் பெருக்கி, நாற்காலி போட்டு, சுக்குக் காப்பி வைக்கிறார். புதிதாக யாராவது வார்டில் படுத்திருப்பதாகத் தகவல் வந்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் கதையைச் சொல்லப் போகிறார். சமயத்தில் அவர்களில் சிலர் மறுபடி குடிக்கிறார்கள். அவர் மறுபடி போகிறார். அவர்களை ஜெபத்துக்குக் கூப்பிடுவதில்லை. கேட்டால் மட்டும் தன் நம்பிக்கையைச் சொல்கிறார். அம்மாவின் சுருக்குப்பை எப்போது பானையைவிட்டு வெளியே வந்தது என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை. இப்போது அது சாமிப்படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது.

கடற்கரைப் பங்குகளில் பொறுப்பில் இருப்பவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. குடிக்கிறவரிடம் திருவிழாவுக்குத் திருவிழா சத்தியம் வாங்காதீர்கள். தண்டம் போடாதீர்கள். கோயிலுக்குப் பின்னால் பூட்டிக்கிடக்கும் ஓர் அறையின் சாவியை வாரத்தில் ஒரு மாலை அவர்களிடம் கொடுங்கள். யார் வந்தார்கள் என்று எட்டிப் பார்க்காதீர்கள். வீட்டில் குடிக்கிறவர் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் போதைமீட்பு உதவி எண் 14446, அழைக்கக் கட்டணம் இல்லை.